எல்லோருக்கும் ஒரே அளவு

துணி விற்ற இருபத்திரண்டு வருஷத்தில், பொருந்தாத சட்டையைப் பார்த்துப் "பொருந்துது" என்று அனார்குல் ஒருத்தியிடமும் சொன்னதில்லை. பிஷ்கெக் நகரத்து விளிம்பில், இரும்புக் கண்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த அந்தப் பெரிய சந்தையில் இப்படி ஒரு வியாபாரி இருந்தாள் என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். எதிர்க் கடையில் சாக்ஸ் விற்ற ரகாத்துக்கு அது பொறுக்கவே பொறுக்காது.

"அடியே, இன்னும் போணிகூட ஆகல. வந்தவ அந்தப் பச்சைச் சட்டையப் போட்டுக்கிட்டுச் சந்தோஷமா நின்னா. வேணாம்னு கழட்ட வெச்சுட்டியே! நீ விக்கிறதுக்கு வந்தியா, தடுக்கிறதுக்கு வந்தியா?"

"அந்தப் பச்சையில அவ காமாலை கண்டவ மாதிரி இருந்தாக்கா."

"இருந்துட்டுப் போறா. அவ புருஷனுக்கே இல்லாத கவலை உனக்கெதுக்கு?"

சட்டையைப் போட்டுப் பார்க்க வருகிறவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அட்டைத் துண்டின்மேல் நிற்க வேண்டும். ஜனவரியில் இரும்புத் தரை பாதத்தைக் கடிக்கும். அனார்குல் ஒரு போர்வையை விரித்துப் பிடித்து மறைத்துக்கொள்வாள். போட்டு முடித்ததும் முன்பக்கம் பார்க்க மாட்டாள், பின்பக்கம்தான் பார்ப்பாள். "முன்னாடி கண்ணாடி பாத்துக்கும். பின்னாடி ஊரு பாக்குது, அத நான் பாக்கறேன்" என்பாள். வேண்டாம் என்று அவள் சொன்ன பெண்கள் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் தங்கையையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவளுடைய வியாபாரம் முழுக்க அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் நின்றது.

அவள் விற்றது பிறத்தியார் தைத்த துணியில்லை. தன் பெயரிலேயே தைத்தாள். மகன் எர்மெக்குக்குப் பிறகு மகள் நுராயிமும் பிறந்து, உடம்பு பெருத்து, முப்பத்திரண்டு வயதில் சந்தை முழுக்கச் சுற்றி வந்தபோது அவளுக்குக் கிடைத்தவை இரண்டே வகை. ஒன்று, பள்ளிக்கூடப் பெண்ணுக்குத் தைத்தது. மற்றது மாவு மூட்டை. அப்போது அவள் தையல்காரியாக இருந்த பட்டறையில் துணி வெட்டுகிறவள் வேரா என்ற ரஷ்யக்காரி. அந்த வேராதான் ஒருநாள் சலித்துப்போய், "வா இங்க, நில்லு" என்று அவளை மேசையோரம் நிறுத்தி, உடம்பிலேயே சாக்கட்டியால் கோடு போட்டாள். அக்குளை இரண்டு விரற்கடை இறக்கினாள். குனிந்தால் இடுப்பு தெரியாதபடி முதுகை ஒரு சாண் நீட்டினாள். மார்பில் பித்தான் வாய் பிளக்காமல் இருக்க உள்ளே ஒரு மடிப்பு வைத்தாள். அதைக் கனமான அட்டையில் வரைந்து வெட்டியபோது பதினேழு துண்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் "54" என்று எழுதிக் கயிற்றில் கோத்து ஆணியில் மாட்டினாள். ஐம்பத்து நான்கு, அனார்குலின் அளவு. அந்த அட்டைகளை வைத்துத்தான் அனார்குல் சொந்தப் பட்டறை போட்டாள், வேராவும் கூட வந்தாள். "நீ மெலிஞ்சா கம்பெனி கவுந்துடும், ஒழுங்கா ரொட்டி தின்னு" என்று வேரா கேலி செய்வாள்.

சிவப்புத் துணியில் ஒரு மாதுளை, அதன் கீழே முழுசாக "அனார்குல்". அதுதான் கழுத்துப் பட்டையில் தைத்த பெயர்ச்சீட்டு. வேலைக்கும் போடலாம், வீட்டிலும் போடலாம், கால்சராயின் மேல் தொங்கவிட்டு விருந்துக்கும் போகலாம். நாரின் ஊரில் வாத்தியாரம்மாக்கள் போட்டார்கள், தலாஸ் ஊரில் நர்சுகள் போட்டார்கள். தபால் ஆபீஸ் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்களில் பாதிப் பேர் கழுத்துப் பட்டையைத் திருப்பினால் மாதுளைதான் தெரியும். பெருத்த உடம்பை மன்னிப்புக் கேட்க வைக்காத சட்டை என்று அதைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் காலம் மாறியது. வேரா மகளோடு வெளிநாடு போனாள். எல்லையில் கெடுபிடி, சரக்கு தேங்கியது, பட்டறையைப் பூட்டிவிடலாமா என்ற நிலை வந்தது. அந்தச் சமயத்தில்தான் மகன் எர்மெக் பெகாயிமைக் கட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பெண்ணைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கெட்டிக்காரி, மாமியாருக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை, வடிவமைப்பு படித்தவள், உலகத்தில் என்ன உடுத்துகிறார்கள் என்று உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவள். பட்டறையைத் தூக்கி நிறுத்தியதும் அவள்தான். ஆனால் தூக்கி நிறுத்தியது வேறொரு பட்டறையை.

முதல் வருஷம் பெயர்ச்சீட்டில் "குல்" போய் "அனார்" ஆனது. "சின்னதா இருந்தாத்தான் வாயில நிக்கும் அத்தே." இரண்டாம் வருஷம் மாதுளை போயிற்று. மூன்றாம் வருஷம் சிவப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு ரப்பர்ச் சீட்டு வந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். சந்தைக் கண்டெய்னரை வேறொருவருக்கு விட்டுவிட்டு நகரத்துக்குள் கண்ணாடிக் கடை திறந்தார்கள். அங்கே தலையில்லாத ஒல்லிப் பொம்மைகள் வரிசையாக நின்றன. அவற்றின்மேல் தோள் சரிந்து, கை நீண்டு, தொளதொளவென்று தொங்கும் உடுப்புகள். ஒல்லியாக இருக்கிறவர்கள் பெரிதாகத் தெரிவதற்காகப் போடுவது. அவற்றில் அளவே கிடையாது. எண் இருக்க வேண்டிய இடத்தில் "எல்லோருக்கும் ஒரே அளவு" என்று போட்டிருந்தது.

"யாரு அந்த எல்லாரும்?" என்று அனார்குல் ஒருநாள் கேட்டாள். பட்டறையில் மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தே, கோவிச்சுக்காதீங்க. அம்பத்திநாலு போடறவங்க போன்ல படம் பாத்து வாங்கறதில்ல. தொட்டுப் பாப்பாங்க, இழுத்துப் பாப்பாங்க, போட்டுப் பாத்துட்டு ஒரு மணி நேரம் கதை பேசிட்டுப் போவாங்க. அதுக்கெல்லாம் இப்ப ஆளில்ல."

"போன்ல என்னை மாதிரி ஒருத்தி படத்த என்னைக்காவது போட்டியா? போட்டுப் பாரு. வாங்கறாங்களா இல்லையான்னு அப்புறம் பேசலாம்."

பெகாயிம் எழுந்து கிண்ணங்களில் தேநீரை நிரப்பத் தொடங்கினாள். அதுதான் பதில் என்று அனார்குலுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"நீ என்ன வேணா தை, எப்படி வேணா தை. நான் குறுக்க வரல. ஒரே ஒரு சட்டை, வேரா வெட்டின அட்டையில. என் பேரு போட்ட கடையில எனக்குப் பத்தற மாதிரி ஒண்ணு இருக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

எர்மெக் அம்மாவையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான். யாரையும் நோகடிக்கத் தெரியாத பிள்ளை அவன். அதனாலேயே எல்லோரையும் நோகடிப்பான். "சரிம்மா. செப்டம்பர் சரக்குல உன் அளவுல ஒண்ணு வரும். நான் சொல்றேன்ல?"

பெகாயிம் வாயைத் திறந்து மூடினாள். அதை அனார்குல் பார்த்திருக்கலாம். பார்க்காமல், சந்தோஷத்தில் இன்னொரு ரொட்டித் துண்டில் ஜாமைத் தடவினாள்.

அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். நாரினிலிருந்து பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் வாங்கிப் போகும் கலிபா டீச்சர் போனில் புலம்பியபோது சொன்னாள்.

"அக்கா, உங்க புதுக் கடைக்குப் போனேன். அந்தச் சின்னப் பொண்ணு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, 'உங்களுக்குக் கைப்பை இருக்கு, மப்ளர் இருக்கு'ன்னா. எனக்குக் கைப்பைதான் பத்துமாம்க்கா! படியில நின்னு அழுதுட்டு வந்தேன்."

"செப்டம்பர் வரைக்கும் பொறுத்துக்கோம்மா. வேற எங்கயும் வாங்காத. வரும். என் வாக்கு."

இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தாள்.

ஜூலையில் ஒருநாள் பட்டறைக்குப் போனபோது ஆணி வெறுமையாக இருந்தது. பதினேழு அட்டைகளும் இல்லை. மேசைக்கு அடியிலும் தேடிப் பார்த்தாள்.

"பத்திரமா இருக்கு அத்தே" என்றாள் பெகாயிம். முகத்தில் உண்மையான மலர்ச்சி. "அதுக்கு ஒரு நல்ல இடம் யோசிச்சு வெச்சிருக்கேன். நீங்களே பாத்து ஆச்சரியப்படுவீங்க."

வெட்டுமேசைக்குப் போயிருக்கிறது என்று அனார்குல் நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் கேட்கவில்லை. மகள் நுராயிமின் கல்யாண வேலை தலைக்குமேல் இருந்தது. செப்டம்பரில் ஒருதரம் "வந்துடுச்சாடா?" என்று மகனைக் கேட்டாள். "வந்துட்டுத்தாம்மா இருக்கு" என்றான். ஆகாதவனிடம் ஒரு பதில், ஆனவனிடம் ஒரு பதில் என்று கிடையாது அவனுக்கு, எல்லோருக்கும் இதே பதில்தான்.

அக்டோபரில் தோக்மோக்கிலிருந்து சம்பந்தி வீட்டு அழைப்பு வந்தது. கல்யாணமான ஒரு மாதத்தில் பெண்ணைப் பெற்றவர்களை முறையாக வரவழைத்து விருந்து வைத்து, உடுப்புப் போர்த்தி அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் அந்த வீட்டில் பெண்ணுக்கு என்ன மதிப்பு என்று ஊர் கணக்குப் போடும். வருகிறவர்களிடம் என்ன அளவு என்று விசாரிப்பது கேவலம். கண்ணாலேயே அளந்து வாங்க வேண்டும், குறையக் கூடாது. போர்த்தியதை அந்த வீட்டு வாசல் தாண்டும்வரை கழற்றவும் கூடாது. விலைச்சீட்டை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். எந்தக் கடை, என்ன பெயர் என்று நாலு பேர் திருப்பிப் பார்க்க வேண்டாமா?

மத்தியானம் இரண்டு மணிக்கு விருந்து ஆரம்பித்தது. அனார்குல், எர்மெக், பெகாயிம் மூவரையும் மேசையின் தலைப்பக்கம் உட்கார வைத்தார்கள். அனார்குலுக்கு முன்னால் ஆட்டின் வாலடிக் கறியை வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பெண்களில் பெரியவளுக்குத்தான் அது. நுராயிம் வெள்ளை முக்காட்டோடு, தேநீர்த் தண்ணீர் கொதிக்கும் சமோவர் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்து குனிந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். ஒரு மாதத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்போல் இருந்தும் அடக்கிக்கொண்டாள். இந்த வீட்டில் என் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும், இன்றைக்கு எந்த முகமும் கோணக் கூடாது என்று அனார்குல் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சம்பந்தியம்மா சைராகுல் நல்ல பருமன். அவள் அக்கா உல்ஜான் அதைவிடப் பருமன். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் ஐம்பது, ஐம்பத்தாறு என்று உட்கார்ந்திருந்தார்கள். ஊர் இப்படித்தான் இருக்கிறது. பொம்மைகள்தான் வேறு எங்கேயோ இருக்கின்றன.

சாப்பாடு முடிந்து கை கழுவிப் பிரார்த்தனை சொன்னதும், சைராகுல் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டு வந்தாள். பெட்டியைப் பார்த்ததுமே பெகாயிம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சம்பந்தியம்மா, ரொம்ப யோசிச்சோம்" என்றாள் சைராகுல். "கிளி மாதிரி பொண்ணக் குடுத்தவங்களுக்கு எத வாங்கறது? கடைசில உங்க கடைக்கே போனோம். இந்தச் சீசன்ல வந்ததுல உசத்தி இதுதானாம். சத்தியமாச் சொல்றேன், எங்களுக்கும் எடுக்கலாம்னு நானும் அக்காவும் போட்டுப் பாத்தோம், கை நுழையல. ஆனா உங்க பேரு போட்டதாச்சே! உங்களுக்குப் பொருந்தாமப் போகுமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். அனார்குல் எழுந்து நின்றாள். உல்ஜான் ஒரு கையையும் சைராகுல் ஒரு கையையும் பிடித்து, கனத்த சாம்பல் நிற மேல்சட்டையில் நுழைத்தார்கள். முழங்கைக்கு மேல் ஏற மறுத்தது. "கொஞ்சம் தளத்துங்க சம்பந்தி, மூச்ச விடுங்க" என்று யாரோ சிரித்தார்கள். இழுத்தார்கள். தோள் சரிந்து கிடந்தது, அக்குளோ வெட்டியது. முதுகில் சட்டை மேலேறி இடுப்பைத் திறந்து காட்டியது. இரண்டு முன்பக்கங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. பித்தான்கள் ஒரு கரையிலும் துளைகள் மறுகரையிலும் நின்றன.

சைராகுலின் முகம் வெளுத்துவிட்டது. குறைந்த உடுப்பைப் போர்த்திய சம்பந்தி என்று நாளைக்குத் தோக்மோக் முழுக்கப் பேசுவார்கள். சமோவர் பக்கத்தில் நுராயிம் தேநீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள்.

அனார்குல் மகனைத் திரும்பிப் பார்த்தாள். எர்மெக் மேசை விரிப்பின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தான். செப்டம்பரில் ஒன்றும் வரவில்லை. வரவே போவதில்லை. கலிபாவுக்கும் மற்ற எல்லோருக்கும் சொன்ன வார்த்தை அந்த இடத்தில் செத்தது. அதை அவள் நின்றபடியே உணர்ந்தாள்.

மணிக்கட்டருகே அட்டைச் சீட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பெகாயிம் அதைக் கண்டதும் அந்தச் சங்கடத்தை எப்படியாவது போக்கும் ஆவலில், "அத்தே, சீட்டப் பாருங்க!" என்றாள். "அன்னைக்குச் சொன்னேனே, அந்தப் பழைய அட்டைங்கதான். எதையும் வீணாக்கல. சின்னச் சின்னதா வெட்டி ஒவ்வொரு உடுப்புலயும் மாட்டியிருக்கோம். எங்க ஆரம்பம் இதுதான்னு எல்லாருக்கும் தெரியணும்ல? வாங்கறவங்க எவ்வளவு ரசிக்கறாங்க தெரியுமா?"

கெட்ட எண்ணம் துளியும் இல்லை அவளிடம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்திருந்தாள். அனார்குல் சீட்டைத் திருப்பினாள். முன்பக்கம் அழகான எழுத்தில் "எல்லோருக்கும் ஒரே அளவு". பின்பக்கம் வேராவின் பென்சில். ஒரு வளைகோடு, அக்குளின் கோடு, இரண்டு விரற்கடை இறக்கியது. பக்கத்தில் ஒரு 5. அந்த ஐம்பத்து நான்கின் 4 வேறு யாருடைய உடுப்பிலோ தொங்கிக்கொண்டிருக்கும். தன்னை உரித்து ஊருக்கெல்லாம் பங்கு போட்டுவிட்டு, தோலில் தனக்கே ஒரு துண்டு கொடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கண் கலங்கியது. கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கக்கூட அந்தச் சட்டை விடவில்லை.

இருபத்திரண்டு வருஷம் விற்றவள். வாய் தானாகத் திறந்தது.

"இத இப்படித் திறந்துதான் போடணும் சம்பந்தி" என்றாள். "பித்தான் சும்மா அழகுக்கு. இப்ப இதுதானே வழக்கம். பெகாயிம், நீயே சொல்லு."

"ஆமா ஆமா" என்றாள் பெகாயிம், மூச்சு வந்தவளாக. "திறந்து போட்டாத்தான் எடுப்பா இருக்கும்."

சைராகுலுக்கு உயிர் வந்தது. "நானும் அதான் நெனச்சேன்!" என்றாள். பெண்கள் குத்துவிளக்கைச் சுற்றிய பூச்சிகளாக நெருங்கி வந்து துணியைத் தடவினார்கள், சீட்டைப் படித்தார்கள், "ராணி மாதிரி இருக்கு" என்றார்கள். நுராயிம் மறுபடி தேநீர் ஊற்றத் தொடங்கினாள். இன்னும் ஒரு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். கைகள் மரத்துப்போய், ரொட்டியை எட்டி எடுக்க முடியாமல், அனார்குல் நேராக உட்கார்ந்திருந்தாள்.

உல்ஜான் நகர்ந்து வந்து அவள் காதருகே குனிந்தாள். தலாஸ் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். "என்னை ஞாபகம் இருக்காது உங்களுக்கு. பத்து வருஷம் முந்தி உங்க கண்டெய்னருக்கு வந்திருக்கேன். ஒரு நீலச் சட்டைய ஆசையா எடுத்தேன். 'வேணாம்மா, அது உங்க கழுத்த முழுங்கிடும்'னு பிடுங்கி வெச்சுட்டு, வேற ஒண்ணு குடுத்தீங்க. இன்னைக்கும் நல்ல நாளுக்கு அதத்தான் போடறேன். அதுக்கப்புறம் எனக்கு எவளும் உண்மையச் சொன்னதில்ல." சாம்பல் நிறக் கையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அடுத்த மாசம் என் பேத்தி பள்ளிக்கூடத்துல விழா. இதுலயே ஒண்ணு எடுக்கலாம்னு பாக்கறேன். அன்னைக்கு நான் சரியாப் போடத் தெரியாம போட்டுருப்பேன். நீங்க சொல்லுங்க, எனக்குப் பொருந்துமா?"

சைராகுல் பார்த்துக்கொண்டிருந்தாள். எர்மெக் பார்த்துக்கொண்டிருந்தான். சமோவருக்குப் பின்னாலிருந்து மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொருந்தும்" என்றாள் அனார்குல்.

உல்ஜான் மகிழ்ந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த அணைப்பில் அக்குளில் தையல் விட்டுப்போன சத்தம் அனார்குலுக்கு மட்டும் கேட்டது. மகள் ஊற்றிக் கொடுத்த தேநீரை வாங்கிக் கீழே வைத்தாள். அதை வாய்வரை கொண்டுபோக அவளால் முடியவில்லை.